கப்பல் ஏறிய சாராயம், கரையில் நிற்கும் கள்

திருவையாறு என்றால் ஐந்து ஆறு. காவிரி, குடமுருட்டி, வெண்ணாறு, வெட்டாறு, வடவாறு. வடமொழியில் அந்த ஊருக்குப் பஞ்சநதம் என்று பெயர். 'பஞ்ச' என்றால் ஐந்து. பஞ்சாங்கம், பஞ்சாமிர்தம், பஞ்சபூதம் எல்லாம் இந்த ஐந்தின் சொந்தக்காரர்கள்தான்.

இந்தக் குடும்பத்தில் பிறந்த ஒரு சொல் ஏறத்தாழ 400 வருஷங்களுக்கு முன்பு கப்பல் ஏறிச் சீமைக்குப் போய்விட்டது. போன இடத்தில் நல்ல பேரும் எடுத்தது. அந்தச் சொல், 'பஞ்ச்'!

பஞ்ச் என்பது ஒரு கலப்பு மது. பெரிய நகரங்களின் பெரிய ஹோட்டல்களில், மெல்லிய காலுள்ள கண்ணாடிக் கிண்ணத்தில், எலுமிச்சைத் தோலைச் சுருட்டி மேலே செருகி, 'காக்டெயில்' என்று கொண்டுவந்து வைக்கிறார்களே, அதற்குப் பாட்டன் இந்தப் பஞ்ச்தான். பஞ்சுக்கும் ஒரு தாய் உண்டு. தென்னையிலும் பனையிலும் சொட்டுகிற கள்.

இந்தப் பழங்கதை இப்போது எதற்கு? காரணம் இருக்கிறது. கள் இறக்க அனுமதி வேண்டும் என்று விவசாயிகளும் மரம் ஏறும் தொழிலாளர்களும் பல வருஷங்களாகக் கேட்டு வருகிறார்கள். 2025 ஜூனில் தூத்துக்குடி மாவட்டம் பெரியதாழையில் நாம் தமிழர் கட்சியின் சீமான் பனை ஏறிக் கள் இறக்கும் போராட்டம் நடத்தினார். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளுக்கும் இந்தப் பேச்சுக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. கள் வேண்டுமா, வேண்டாமா என்று திண்ணையில் உட்கார்ந்து வாதாடுகிறவர்கள், இந்தக் கள் எங்கெல்லாம் போய் என்னென்ன ஆயிற்று என்று தெரிந்துகொண்டு வாதாடினால் நல்லது.

ஐந்து சரக்கு

வியாபாரத்துக்கு வந்த வெள்ளைக்காரர்கள் ஊரிலிருந்து பீரும் திராட்சை மதுவும் கொண்டுவந்தார்கள். நீண்ட கடல் பயணத்திலும் இந்த வெயிலிலும் அவை புளித்துக் கெட்டன. இறங்கிய கரையில் கிடைத்தது சாராயம். கள்ளைக் காய்ச்சி, ஆவியைக் குளிர வைத்து, சொட்டுச் சொட்டாக வடித்தது. இதற்கு 'அரக்' என்று ஒரு பெயர் உண்டு. அது அரபுச் சொல். வியர்வை என்று பொருள். பாத்திரத்தில் ஆவி வியர்த்துச் சொட்டுவதைப் பார்த்து வைத்த பெயர்!

சாராயம் தொண்டையை எரித்தது. எரிச்சலை அடக்க எலுமிச்சம் பழத்தைப் பிழிந்தார்கள். சர்க்கரை போட்டார்கள். தண்ணீர் விட்டார்கள். வாசனைக்கு ஜாதிக்காய் போன்ற சரக்கைத் தூவினார்கள். ஆக மொத்தம் ஐந்து. 1670-களில் இந்தியாவில் சுற்றிய ஜான் ஃபிரையர் என்ற ஆங்கில வைத்தியர், ஐந்து பொருள் சேர்வதால்தான் இந்தப் பெயர் என்று எழுதி வைத்திருக்கிறார். ஒரு வகை பீப்பாயின் பெயரிலிருந்து வந்த சொல் என்று வாதாடுகிறவர்களும் உண்டு. ஆனாலும் ஐந்து என்ற கணக்கைத்தான் பெரும்பாலோர் ஒப்புக்கொள்கிறார்கள்.

'பஞ்ச்' என்ற சொல் முதன்முதலாக ஆங்கில எழுத்தில் காணப்படுவது 1632-ல். கிழக்கிந்தியக் கம்பெனி ஆள் ஒருவர், சோழமண்டலக் கரையின் வடபகுதியில் இருந்த இன்னொரு கம்பெனி ஆளுக்கு எழுதிய கடிதம் அது. பஞ்ச் குடிப்பதைப் பற்றி எழுதும்போதே 'அளவு' என்ற பேச்சும் அந்த ஒரே வரியில் வந்துவிடுகிறது. பஞ்சும் அளவும் சேர்ந்தே பிறந்தன என்று சொல்லலாம்.

தஞ்சைச் சீமையின் கடற்கரை அன்றைக்குக் கப்பல்களின் சந்தை. தஞ்சை நாயக்க மன்னர் ரகுநாதர் 1620-ல் தரங்கம்பாடியை டேனிஷ்காரர்களுக்கு விட்டுக்கொடுத்து ஒப்பந்தம் செய்தார். அங்கே அவர்கள் கட்டிய டான்ஸ்பர்க் கோட்டை இன்றும் கடலைப் பார்த்து நிற்கிறது. நாகப்பட்டினத்தில் முதலில் போர்த்துக்கீசியர். 1658-ல் அதை டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். காரைக்காலுக்கு 1739-ல் பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள். நான்கு நாட்டுக் கொடிகள் பறந்த கரை இது. கரைக்கு உள்ளே திரும்பினால் பனையும் தென்னையும்.

சீமையில் வாழ்க்கைப்பட்டது

பஞ்ச் கப்பல் மாலுமிகளோடு ஐரோப்பாவுக்குப் போயிற்று. லண்டனில் துரைமார்கள் வெள்ளிக் கிண்ணம் செய்து நடுவில் வைத்து, சுற்றி உட்கார்ந்து குடித்தார்கள். சர்க்கரையும் எலுமிச்சையும் ஜாதிக்காயும் அங்கே விலை உயர்ந்த சாமான்கள். அதனால் பஞ்ச் கிண்ணம் வைப்பது அந்தஸ்தின் அடையாளம் ஆயிற்று. இங்கே எரிச்சலை அடக்கச் செய்த பண்டம், அங்கே பெருமைக்குரிய பண்டமாகிவிட்டது!

சுவீடன் நாட்டுக் கதை இன்னும் வேடிக்கை. அங்கே 1731-ல் ஒரு கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கினார்கள். அதன் கப்பல்கள் ஜாவா தீவின் படேவியாவிலிருந்து சாராயத்தைக் கொண்டுபோயின. வெல்லப்பாகு, கள், அரிசி மூன்றும் சேர்ந்து செய்யும் சாராயம் அது. அதிலிருந்து சுவீடன்காரர்கள் செய்த மதுவுக்கு 'புன்ஷ்' என்று பெயர். அங்கே வியாழக்கிழமை தோறும் பட்டாணி சூப் சாப்பிடுவது பழைய வழக்கம். கூடவே சூடான புன்ஷ் ஒரு சிறு கிண்ணம். பனி கொட்டும் அந்த ஊரில், பெயரில் பாரதத்து ஐந்தையும் சரக்கில் நெல்லையும் கள்ளையும் வைத்துக்கொண்டு ஒரு பானம் வாரந்தோறும் மேஜைக்கு வருகிறது!

இங்கிலீஷ் கடற்படையிலும் இதே கலவைக்கு ஒரு தம்பி பிறந்தான். மாலுமிகளுக்குத் தினசரி ரம் கொடுப்பது வழக்கம். அதை அப்படியே குடித்துவிட்டு உருண்டார்கள். 1740-ல் வெர்னன் என்ற தளபதி, ரம்மில் தண்ணீர் கலந்துதான் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். அதற்குக் 'குரோக்' என்று பெயர் வந்தது. அந்தக் கடற்படையில் தினசரி ரம் படி நின்றது 1970 ஜூலை 31-ந் தேதிதான்.

பிறகு அமெரிக்கா. 1806-ல் நியூயார்க் மாகாணத்தில் ஒரு பத்திரிகை, 'காக்டெயில் என்றால் என்ன?' என்ற கேள்விக்குப் பதில் போட்டது. ஏதேனும் ஒரு மது, சர்க்கரை, தண்ணீர், கசப்பு மருந்து ஆகிய நான்கும் சேர்ந்தது என்பது பதில். பஞ்ச் பெரிய கிண்ணத்தில் பத்துப் பேருக்கு. காக்டெயில் சிறிய கிண்ணத்தில் ஒருவருக்கு. கூட்டுக் குடும்பம் தனிக் குடித்தனம் ஆனதுபோல! 1862-ல் ஜெர்ரி தாமஸ் என்ற கலவைக்காரர், கலப்பு மதுக்களுக்கென்றே ஒரு கைப்புத்தகம் அச்சிட்டார். அதில் பஞ்ச் வகைகளே ஏராளம். 1920 முதல் 1933 வரை அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு இருந்தது. அப்போது திருட்டுச் சாராயத்தின் நாற்றத்தை மறைக்கத் தேனும் பழச்சாறும் கலந்தார்கள். அந்தக் கலவைகளில் சில இன்னும் ஹோட்டல் பட்டியலில் இருக்கின்றன.

ஏன் அழியவில்லை?

ராஜ்யங்கள் போயின. கம்பெனிகள் போயின. இந்தப் பானங்கள் மட்டும் ஏன் நிலைத்தன?

ருசி ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம் அளவு. மேற்கிந்தியத் தீவுகளில் பஞ்ச் கலக்க ஒரு பழைய கணக்கு உண்டு. புளிப்பு ஒரு பங்கு, இனிப்பு இரண்டு பங்கு, மது மூன்று பங்கு, தண்ணீர் நான்கு பங்கு. பத்துப் பங்கில் ஏழு பங்கு மது அல்லாத சரக்கு! எந்த ஊரில், எவர் கலந்தாலும் இதே ருசி வரும். பாட்டி சொன்ன ரசப்பொடிக் கணக்கு போல, அளவு தெரிந்தால் போதும். அளவு எழுதி வைக்கப்பட்ட பண்டம் அழியாது.

இன்னொரு காரணம், அது உட்கார்ந்து, பேசி, மெதுவாகக் குடிக்கிற பானம். அவசரமாக விழுங்குகிறவனுக்கு ஜாதிக்காய் எதற்கு? எலுமிச்சை எதற்கு?

இதனால் காக்டெயில் நல்லது என்று பொருள் இல்லை. மது எந்தக் கிண்ணத்தில் இருந்தாலும் ஈரலுக்கு ஒன்றுதான். வெள்ளி விளிம்பு போட்ட கிண்ணம் என்பதற்காக அது தயவு காட்டாது.

தஞ்சையின் கலவை

தஞ்சை மாவட்டத்திலும் தினமும் மாலையில் மது கலக்கப்படுகிறது. டாஸ்மாக் கடையில் ஒரு 'குவார்ட்டர்', ஒரு பிளாஸ்டிக் டம்ளர், ஒரு தண்ணீர் பாக்கெட், தொட்டுக்கொள்ள ஊறுகாய். 'மிக்ஸிங்' என்று இதற்குப் பெயரே உண்டு. பெரும்பாலும் வெல்லப்பாகிலிருந்து வடித்த எரிசாராயத்தில் நிறமும் மணமும் சேர்த்து, 'இந்தியாவில் தயாரான அயல்நாட்டு மது' என்று விற்கிறார்கள். உள்நாட்டுச் சரக்குக்கு அயல்நாட்டுச் சட்டை!

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். குவார்ட்டர் என்பது 180 மில்லி. அதில் நூற்றுக்கு 42.8 பங்கு சாராயச் சத்து. ஆக ஒரு குவார்ட்டரில் 77 மில்லி சுத்தச் சாராயம். சாதாரணமாக ஒரு காக்டெயிலில் ஊற்றுவது 60 மில்லி மது. அதாவது, மூன்று காக்டெயிலின் போதை ஒரு குவார்ட்டரில் இருக்கிறது. கள்ளில் நூற்றுக்கு 5 பங்கு என்று வைத்துக்கொண்டால், அதே போதைக்கு ஒன்றரை லிட்டர் கள் குடிக்க வேண்டும். அந்த 180 மில்லியை, கடை வாசலில் நின்றபடியே, பஸ் வருவதற்குள் முடித்துவிடுகிறவர்கள் உண்டு.

இனி வீட்டுக் கணக்கு. 2024 பிப்ரவரியில் விலை ஏறியபோது, சாதாரண ரகக் குவார்ட்டர் ரூ.140 ஆயிற்று. மாதம் 25 நாள் வேலைக்குப் போகிற ஒருவர், வேலை முடிந்து தினம் ஒன்று வாங்கினால் ரூ.3,500. ஒரு வருஷத்துக்கு ரூ.42,000. தமிழ்நாட்டு அரசு 2023 செப்டம்பரில் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் ரூ.1,000 உரிமைத் தொகை கொடுக்கத் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால், ஏழு குவார்ட்டருக்கு ரூ.980! மனைவி கணக்கில் ஏறுகிற பணம், கணவன் கையால் ஒரு வாரத்தில் அரசாங்கத்துக்கே திரும்பிப் போய்விடுகிறது. மிச்சம் ரூ.20.

அரசாங்கத்தின் கணக்கும் சிறியதல்ல. டாஸ்மாக் மூலம் வந்த வருமானம் 2023-24-ல் ரூ.45,855 கோடி. 2024-25-ல் ரூ.48,344 கோடி. 2023 ஜூனில் 500 கடைகளை மூடினார்கள். கடைகள் 5,329-லிருந்து 4,829 ஆகக் குறைந்தன. வருமானம் குறையவில்லை.

நடவுக்கும் களை எடுக்கவும் வயலில் இறங்குகிற பெண்களுக்கு இன்னொரு கஷ்டம். வரப்பில் உட்கார்ந்து குடித்தவன் வீசிய பாட்டில் உடைந்து சேற்றில் கிடக்கும். காலில் குத்தினால் வேலை போயிற்று, கூலியும் போயிற்று. காலிப் பாட்டிலுக்கு ரூ.10 திருப்பிக் கொடுக்கும் திட்டம் நீலகிரியில் 2022-ல் தொடங்கிப் பிற மாவட்டங்களுக்கும் வந்தது. மலையில் யானைக் காலைக் காக்க வந்த திட்டம், சமவெளியில் நாற்று நடுகிறவள் காலையும் காக்குமானால் சரிதான்.

கள்ளுக்கு மட்டும் ஏன் தடை?

1937-ல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். குறைந்த வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி போட்டார். இன்றைக்குக் கடையில் உப்பு புளி வாங்கும்போது நினைவு வராத செய்தி அது. 1948-ல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. தஞ்சை ஜில்லாவில் கள்ளுக்கடைகள் மறைந்தன. ஊறல் போட்டுத் திருட்டுத்தனமாகக் காய்ச்சுகிற வேலை அங்கங்கே நடந்தது. 1971-ல் மதுவிலக்கு தளர்ந்தது. 1974-ல் மறுபடி வந்தது. 1981-ல் மறுபடி தளர்ந்தது. டாஸ்மாக் 1983-ல் பிறந்தது. 1987 ஜனவரி 1 முதல் கள்ளும் சாராயமும் தடை செய்யப்பட்டன. பாட்டில் மது தப்பித்துக்கொண்டது. 2003-ல் சில்லறை விற்பனையையும் டாஸ்மாக்கே எடுத்துக்கொண்டது. ஆட்சிகள் மாறின. 2025 வரை கள்ளின் மீதான தடை மாறவில்லை.

பாட்டில் ஆலையில் பிறக்கிறது. எண்ணலாம், முத்திரை போடலாம், வரி வாங்கலாம். கள் மரத்தில் பிறக்கிறது. ஒவ்வொரு மரத்தின் உச்சியிலும் ஒரு அதிகாரியை உட்கார வைக்க முடியுமா? வரி வாங்குகிறவனுக்கு எது சுலபமோ அது மிஞ்சியது. தர்ம நியாயத்தைவிட இதுவே பெரிய காரணமாகத் தெரிகிறது.

தஞ்சைப் பக்கத்து ஜனங்களுக்கு இந்தத் தடையின் விசித்திரம் கண்ணுக்கு எதிரே தெரியும். நாகப்பட்டினத்திலிருந்து வடக்கே போனால் காரைக்கால். அதே காவிரித் தண்ணீர், அதே நெல், அதே தென்னை. ஆனால் அது புதுச்சேரி ஆட்சி. அங்கே கள்ளுக்கடைக்கு ஏலம் உண்டு, சாராயக் கடைக்கும் ஏலம் உண்டு. எல்லைச் சாவடிக்கு இந்தப் பக்கம் குற்றம், அந்தப் பக்கம் வியாபாரம்! மேற்கே கேரளத்திலும் கள்ளுக்கடைக்கு உரிமம் தருகிறார்கள். தெற்கே இலங்கையில் தென்னங்கள்ளைக் காய்ச்சி வடித்த சாராயம் பெரிய தொழில். புட்டியில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். அங்கே அதையே காக்டெயில் கலக்கவும் ஊற்றுகிறார்கள். பேத்தி வீட்டுக்குப் பாட்டி போன கதை!

கள் கேட்கிறவர்கள் சொல்வதெல்லாம் சரியா? அப்படியும் இல்லை. கள் உணவு, கள் மருந்து என்று மேடையில் பேசுவது மிகை. அதிலும் போதை இருக்கிறது. மலிவாகக் கிடைத்தால் அதிகம் குடிப்பான். கலப்படமும் வரும். 2010 செப்டம்பரில் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில், உரிமம் பெற்ற கடைகளில் விற்ற கள்ளிலேயே விஷச் சாராயம் கலந்து 20-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். இந்தப் பக்கம் பாட்டில் கடை ஊருக்கு ஊர் இருந்தும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் 60-க்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. கள்ளுக்கடை திறந்தால் விஷச் சாராயம் ஒழியும் என்பதும் நம்பிக்கைதான். டாஸ்மாக் இருப்பதால் அது வராது என்பதும் பொய்த்துப்போன நம்பிக்கைதான்.

தோப்பின் நிலைமை

2018 நவம்பர் 16-ந் தேதி விடியுமுன் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, முத்துப்பேட்டை வட்டாரங்களில் தென்னைகள் லட்சக்கணக்கில் சாய்ந்தன. நெல் போனால் அடுத்த போகம் உண்டு. தென்னை போனால் பிள்ளை போனதுபோல. கன்று நட்டு, காய் பார்க்க ஆறு ஏழு வருஷம் ஆகும். அதுவரை கடனும் வட்டியும்.

தேங்காய் விலை 2025-ல் நல்ல உயரம் போயிற்று. ஆனால் அது நிலையான விலை அல்ல. விலை இறங்குகிற வருஷங்களில்தான், ரேஷன் கடையில் பாமாயிலுக்குப் பதில் தேங்காய் எண்ணெய் கொடுங்கள் என்ற கோரிக்கையும், கள் இறக்க விடுங்கள் என்ற கோரிக்கையும் உரக்கக் கேட்கின்றன.

நடுவழியாக அரசாங்கம் 2017-ல் 'நீரா'வுக்கு விதி செய்தது. நீரா என்பது புளிக்காத பாளைச் சாறு. போதை இல்லாதது. சொல்வதற்கு அழகான ஏற்பாடு. செய்வதில்தான் சிரமம். பாளையில் சொட்டும் சாறு, வெயில் ஏற ஏறத் தானாகவே புளிக்கும். அதைத் தடுக்க மர உச்சியிலேயே ஐஸ் பெட்டி கட்ட வேண்டும். இறக்கியதும் குளிர் அறைக்கு ஓட வேண்டும். உற்பத்தியாளர் நிறுவனம் அமைத்து உரிமம் பெற வேண்டும். ஐந்து ஏக்கர் தோப்புக்காரர் ஒருவரால் மட்டும் முடிகிற காரியம் இல்லை.

ஏறுகிற ஆளும் வேண்டும். காலில் தளை மாட்டி, இடுப்பில் பாளை அரிவாளைச் செருகி, காலையும் மாலையும் ஏறி, பாளையை மெல்லியதாகச் சீவி, தட்டிப் பதம் பார்க்க வேண்டும். கொஞ்சம் தவறினால் பாளை பாழ். அந்தக் கைப்பழக்கம் தகப்பனிடமிருந்து மகனுக்கு வந்தது. 1987-க்குப் பிறகு பிறந்த மகன்களில் பலர் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள்.

பேராவூரணிப் பக்கம், புயலுக்கு மறு வருஷம் நட்ட கன்றுகள் பாளை விடுகிற பருவத்துக்கு வந்துவிட்டன. பாளையைத் தொடாமல் விட்டால் தேங்காய். சீவினால் சாறு. அது சுண்ணாம்பு தடவிய முட்டியில் விழுந்தால் பதநீர். தடவாத முட்டியில் விழுந்தால், மாலைக்குள் கள்.